வலதும் அவ்வாறே

இடுப்பெலும்பை இதுவரை எத்தனை முறை கையில் எடுத்திருப்பீர்கள்? இந்த ஆண்டு உடற்கூறியல் துறையில் சேர்ந்திருக்கும் ஒன்பது பேரிடமும்தான் கேட்கிறேன். நூறு முறை என்பீர்கள். சரி, அந்த நூறில், ஒரே ஆளின் இடது இடுப்பெலும்பையும் வலது இடுப்பெலும்பையும் சேர்த்து எடுத்தது எத்தனை முறை?

பூஜ்யம்தான் பதில். எனக்குத் தெரியும். கோபித்துக்கொள்ளாதீர்கள், என் பதிலும் நெடுங்காலம் அதுவாகத்தான் இருந்தது.

மாணவர்களாக இருந்தபோது நமக்குக் கிடைத்தது அரைச் செட்டு. ஒரு கை, ஒரு கால், ஒரு இடுப்பெலும்பு. உடம்பின் இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தானே, இரண்டு எதற்கு என்ற நினைப்பு. நான் அப்படிப் படித்தேன். அப்படியே முப்பத்தோரு ஆண்டுகள் பாடமும் நடத்தினேன். வகுப்பில் என் கையில் எப்போதும் இடது எலும்புதான் இருக்கும். இடது கையில் எலும்பு, வலது கையில் குச்சி. சுட்டிக்காட்ட வசதி. வலது எலும்பு அட்டைப்பெட்டியில் கிடக்கும். வலதும் அவ்வாறே என்று ஒரு வரி சொல்லிவிட்டு மணி அடிக்குமுன் தொடையெலும்புக்குப் போய்விடுவேன்.

அந்த வரியை ஒருமுறை போலீஸுக்குப் போகும் காகிதத்தில் எழுதினேன்.

நான் ஓய்வு பெறப் பதினான்கு மாதங்கள் இருந்தன. காரமடைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில், பல ஆண்டுகளாகப் புழங்காத கிணறு ஒன்றைத் தூர் வாரக் கிரேன் வைத்திருக்கிறார்கள். தொண்ணூறு அடிக் கிணறு. நான்காவது வாளிச் சேற்றில் எலும்பு வந்தது. வேலையை நிறுத்திப் போலீஸுக்குச் சொன்னார்கள். அதுவரை அகப்பட்ட எலும்புகளை மூட்டையாகக் கட்டிக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். சட்ட மருத்துவத் துறையினர் எங்கள் கருத்தையும் கேட்டார்கள். ஆணா பெண்ணா, என்ன வயது, எத்தனை பேர் என்று மூன்று கேள்விகள்.

மூட்டையில் இருந்தவை இருபத்து மூன்று. இடுப்பெலும்பு இரண்டு, தொடையெலும்பு இரண்டு, முதுகுத்தண்டின் அடியில் இருக்கும் முக்கோண எலும்பு ஒன்று, முதுகெலும்பு ஐந்து, விலா பதினொன்று, இடது முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு ஒன்று, கழுத்தடிக் காறை எலும்பு ஒன்று. மண்டை ஓடு இல்லை. நான்கு முறை எண்ணினேன்.

எங்கள் அருங்காட்சியகத்தில் உதவியாளராக இருந்தவர் காதர் பாய். கோட்டைமேட்டுக்காரர். கண்ணை மூடிக்கொண்டு ஒரு விலாவைத் தடவி இடதா வலதா என்று சொல்லிவிடுவார். அவர்தான் எலும்புகளைக் கழுவினார். இடது பக்க எலும்புகள் சுத்தமாக வந்துவிட்டன. வலது இடுப்பெலும்பில் மட்டும் உப்புத் தண்ணீரின் சுண்ணாம்பு ஓடுபோலப் படிந்திருந்தது.

"இதைத் தேச்சா எலும்பும் சேந்து உதிந்துரும் சார். ரெண்டு நாளு ஊறணுங்க."

"அது கிடக்கட்டும் பாய். இடது நல்லாத்தானே இருக்கு?" என்றேன்.

மேசையில் அவற்றை ஆள் படுத்திருப்பது போலப் பரப்பினோம். எந்த எலும்பும் இரண்டாவது முறை வரவில்லை. இடது தொடையெலும்பின் பந்து இடது இடுப்பின் கிண்ணத்தில் பிசகாமல் உட்கார்ந்தது. வலது பந்து வலது கிண்ணத்தில் உட்கார்ந்தது. அப்படியானால் ஆள் ஒன்று. இடது இடுப்பெலும்பின் பின்பக்க வளைவு அகலமாக இருந்தது, அதனால் பெண். முன்பக்கத்தில் இரண்டு இடுப்பெலும்பும் சந்திக்கும் முகத்தில் வரப்புகள் தேய்ந்திருந்தன. முப்பது முதல் முப்பத்தைந்து வயது. இடது தொடையெலும்பு நானூற்று இருபத்தொரு மில்லிமீட்டர். வலது நானூற்றுப் பதினாறு. ஐந்து மில்லிமீட்டர் வித்தியாசம் யாருக்கும் இருக்கக்கூடியதுதான். உயிரோடு நடமாடும் உங்களுக்கும் இருக்கும்.

மணி ஒன்றரை. சோற்றுக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்து எழுதினேன். இடது எலும்புகளுக்கு ஒன்றே முக்கால் பக்கம். அதற்குக் கீழே, வலதும் அவ்வாறே. ஆள் எண்ணிக்கை: ஒன்று.

மறுநாள் புகைப்படம் எடுக்க வேண்டியிருந்தது. இரண்டு இடுப்பெலும்பையும் முக்கோண எலும்பையும் சேர்த்தால் ஒரு கிண்ணிபோல வளையம் வரும். மணல் தட்டில் வைத்து ரப்பர் பேண்டு போட்டோம். இடது எலும்பு முக்கோணத்தோடு பிறந்த இடம்போல ஒட்டிக்கொண்டது. வலது ஒட்டவில்லை. பின்னால் சேர்த்துப் பிடித்தால் முன்னால் திறந்துகொண்டது, முன்னால் அழுத்தினால் பின்னால் விலகியது.

"இந்தம்மா சேர மாட்டேங்கறாங்க சார். என்ன கோவமோ?" என்று காதர் பாய் சிரித்தார்.

"தண்ணியில கிடந்தது. நடுவுல இருந்த குருத்தெலும்பு போயிடுச்சு. இடைவெளி இருக்கத்தான் செய்யும்" என்றேன். இன்னும் இரண்டு ரப்பர் பேண்டு போட்டு இழுத்துக் கட்டினோம். படம் எடுத்தாயிற்று. தட்டை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். சாவி என் சட்டைப்பையில்.

அடுத்த நாள் காலையில் திறந்தபோது ரப்பர் பேண்டுகள் நான்கும் நழுவிக் கிடந்தன. இடது எலும்பும் முக்கோணமும் வைத்தபடியே இருந்தன. வலது மட்டும் நான்கு விரற்கடை தள்ளி, மணலில் முகம் கவிழ்ந்து கிடந்தது.

திரும்பக் கட்டினேன். மறுநாளும் அப்படியே. மூன்றாவது நாள் காந்திபுரத்தில் புதுப் பெட்டி ரப்பர் பேண்டு வாங்கி வந்து கட்டினேன். அடுத்த காலையிலும் வலது தனியே போய்க் கவிழ்ந்திருந்தது, பின் வந்த வாரங்களிலும் கட்டக் கட்ட அப்படியே. பொருந்தாத இரண்டை இழுத்துக் கட்டினால் ரப்பர் நழுவத்தான் செய்யும், மணல் சரியத்தான் செய்யும். இதை இப்போது நிதானமாக எழுதுகிறேன். அந்த நாட்களில், நல்ல வெளிச்சத்தில், வராந்தாவில் மாணவர்கள் கத்திக்கொண்டு போகும்போதே, அந்தப் பூட்டில் சாவியைப் போடுமுன் காதர் பாயைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். காதர் பாய் சிரிப்பதை விட்டுவிட்டார். தட்டைத் தொடுமுன் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொள்வார். என்னவென்று நான் கேட்கவில்லை.

அந்தப் பக்கத்தில் காணாமல் போனவர்கள் என்று போலீஸ் கையில் இரண்டு பெயர்கள் இருந்தன. சாந்தாமணி, வயது முப்பத்திரண்டு. நித்யா, வயது பத்தொன்பது. இருவரும் ஒரே நூற்பாலையில் வேலை பார்த்தவர்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரே வாரத்தில் காணாமல் போனவர்கள். நித்யாவின் போனிலிருந்து, ஒருவரோடு போகிறேன், தேட வேண்டாம் என்று அவள் அம்மாவுக்குச் செய்தி வந்திருந்தது. அதற்குப் பிறகு போன் அணைந்துவிட்டது.

என் அறிக்கை ஒரு ஆள் என்றது, முப்பதுக்கு மேல் என்றது. ஆகவே சாந்தாமணி, மேலே தோண்டத் தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள். மரபணுச் சோதனைக்கு எலும்புத் துண்டு கேட்டார்கள். தொடையெலும்பின் நடுவிலிருந்து வெட்டிக் கொடுத்தேன். எந்தத் தொடை என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். இடது. சாந்தாமணியின் தம்பி சம்பத்தின் ரத்தத்தோடு அது பொருந்தியது. என் அறிக்கையைச் சோதனை மெய்ப்பித்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொல்லிக்கொண்டேன். நித்யாவின் அம்மாவிடம், அது உங்கள் பெண் இல்லை, அவள் எங்கேயோ நன்றாக இருக்கிறாள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அந்த அம்மாவின் பெயர் ருக்குமணி. அதற்குப் பின்னால்தான் அவர் வரத் தொடங்கினார். செவ்வாய்க்கிழமைகளில் காரமடையிலிருந்து பஸ் ஏறி, காந்திபுரத்தில் இறங்கி, டவுன் பஸ் மாறி வருவார். அருங்காட்சியகத்துக்கு எதிரே வராந்தா பெஞ்சில், கண்ணாடிக் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். யாரிடமும் எதுவும் கேட்க மாட்டார். பதினொன்றரைக்கு எழுந்து போய்விடுவார். ஆறு செவ்வாய்க்கிழமை நான் அவரைத் தாண்டிப் போனேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை என்பது ஒரு காரணம். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று என்று நினைத்தது இன்னொன்று.

ஏழாவது செவ்வாய்க்கிழமை எலும்புகளை ஒப்படைக்கும் நாள். சம்பத் வேன் எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தியிருந்தார். அன்றே பேரூருக்குக் கொண்டுபோய்க் காரியம் செய்து, எரித்துச் சாம்பலை ஆற்றில் கரைப்பதாக ஏற்பாடு. பதினொரு மணிக்கு இன்ஸ்பெக்டர் அம்மா காகிதங்களோடு வருவார், நான் கையெழுத்துப் போட வேண்டும். பத்து இருபதுக்கு வராந்தாவில் நடக்கும்போது ருக்குமணி அம்மாள் முதல் முறையாக எழுந்து நின்றார்.

"ஏனுங்க சார், ஒரு நிமிசமுங்க."

"சொல்லுங்கம்மா. உங்க பொண்ணு இல்லைன்னுதான் சொல்லியாச்சே."

"சொல்லிப்போட்டீங்க, சரிங்க. அவங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தானுங்க பஸ் ஏறுவாங்க. ஒண்ணாத்தான் ஊடு வருவாங்க. சாந்தாமணி மட்டும் எப்படிங்க கெணத்துக்குள்ள போவா?"

"அதைப் போலீஸ்தான்மா விசாரிக்கணும்."

"அவிகளையுங் கேட்டனுங்க. டாக்டரு ஒருத்தின்னு எழுதிட்டாருன்னாங்க." அவர் என் முகத்தை நேராகப் பார்த்தார். "ஒருத்திதான்னு எப்படிங்க எண்ணுனீங்க?"

ஒரு எலும்பும் இரண்டு முறை வரவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல் பாதியில் நின்றுவிட்டது. ஒரு எலும்பும் இரண்டு முறை வரவில்லை என்றால் ஒரு ஆளுக்குக் குறையாது என்றுதான் பொருள். ஒரு ஆளுக்கு மேல் இல்லை என்று பொருள் இல்லை. இதை முதலாண்டு மாணவன் சொல்லிவிடுவான். நான் எண்ணியது கீழ்வரம்பை. எழுதியதோ ஆள் இத்தனைதான் என்று.

உள்ளே போய் அலமாரியைத் திறந்தேன். வலது வழக்கம்போலக் கவிழ்ந்து கிடந்தது. எடுத்துத் திருப்பினேன். அதில் சுண்ணாம்பு இல்லை. சுத்தமாக இருந்தது.

"பாய், இதை எப்பக் கழுவினீங்க?"

காதர் பாய் கதவருகில் நின்றிருந்தார். "புது ரப்பர் வாங்குன வாரம் உங்ககிட்டச் சாவி வாங்கி, சனிக்கெழமை ஊறப்போட்டனுங்க. மூணாம் நாளே விட்டுப்போச்சு. அப்புறமும் நீங்க தெனமும் கையில எடுத்துக் கட்டுனீங்களே சார். பாத்திருப்பீங்கன்னு இருந்துட்டேன்."

பார்க்கவில்லை. அத்தனை வாரமாகக் கையில் எடுத்திருக்கிறேன், கட்டியிருக்கிறேன். ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

ஜன்னலுக்குக் கொண்டுபோனேன். இடுப்பின் மேல்விளிம்பில் ஓடும் எலும்பு நாடா இன்னும் முழுதாக ஒட்டவில்லை. கோடு தெரிந்தது, நகம் உள்ளே போனது. முன்முகத்தில் வரப்புகள் புதிதாக உழுத நிலம்போலக் கூர்மையாக இருந்தன. வளைவு அகலம். பெண்தான், ஆனால் முப்பது வயது இல்லை, இருபதைத் தாண்டவில்லை. தொடையெலும்பை எடுத்தேன். முழங்கால் பக்கத்தில், வளர்ச்சி நின்ற இடத்தில், முடி அளவுக்கு ஒரு கோடு. அதுவும் இளையவளுடையது.

இரண்டாவது தட்டு ஒன்று எடுத்து வரச் சொன்னேன். வலது எலும்புகள் இரண்டையும் அதற்கு மாற்றினேன். ஒரு தட்டில் இடது பக்கம் மட்டும் உள்ள ஒருத்தி. மறு தட்டில் வலது பக்கம் மட்டும் உள்ள இன்னொருத்தி. இரண்டு தட்டையும் அருகருகே வைத்தபோது இருவரும் ஒருவர் பக்கம் ஒருவர் திரும்பிப் படுத்திருப்பது போல இருந்தது. இவ்வளவு நாளும் அவர்களைப் பிடித்து ஒரு ஆளாகக் கட்டிக்கொண்டிருந்தேன். காதர் பாய் மின்விசிறியை நிறுத்திவிட்டார். ஏன் நிறுத்தினார் என்று தெரியாது.

மணி பத்து ஐம்பது. அந்தப் பத்து நிமிடத்தில் என்ன நினைத்தேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். போட்டால் இருவரும் ஒன்றாக எரிந்துவிடுவார்கள். யாரும் ஒருநாளும் கேட்க மாட்டார்கள். பதினான்கில் மீதம் எட்டு மாதம், மாலை மரியாதையோடு போகலாம். இந்த நினைப்பு எனக்கு வந்தது. உங்களுக்கும் வரும். வந்ததும் எழுந்து வெளியே போய் யாரிடமாவது உண்மையைச் சத்தமாகச் சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. நான் அப்படித்தான் செய்தேன், வராந்தாவில் வந்துகொண்டிருந்த இன்ஸ்பெக்டர் அம்மாவிடம்.

இன்ஸ்பெக்டர் அம்மா காகிதங்களை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்.

"சார், டிஎன்ஏவே ஒத்துப்போச்சுங்க. இப்பப் போய் ரெண்டு பேருங்கறீங்க?"

"ஒத்துப்போனது இடது கால். வலது கால் யாருதுன்னு எனக்குத் தெரியாது. நான் பார்க்கலை."

"பாத்ததா எழுதிக் குடுத்திருக்கீங்களே?"

"ஆமா."

"கோர்ட்டுல என்ன கேப்பாங்க தெரியுமுங்களா? டாக்டருக்கு ரெண்டு வரைக்கும் எண்ணத் தெரியாதான்னு கேப்பாங்க."

"கேட்கட்டும். அதைத்தான் இப்ப எழுதித் தரப்போறேன்."

அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். "எழுதுங்க சார். அந்தத் தம்பிகிட்ட மட்டும் நீங்களே சொல்லிருங்க. என்னால முடியாதுங்க."

சம்பத் வேன் கதவைத் திறந்து, உள்ளே புது வேட்டி விரித்து, பூ போட்டு வைத்திருந்தார். வாசலில் நின்றே அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப எங்கக்காளோட வலது காலு எங்கீங்க சார்?"

"கிணத்துல இருக்கணும்."

அவர் விரித்த வேட்டியை மடித்தார். "பாதியா எப்படிங்க கொண்டுபோறது? மீதியும் வரட்டும். அப்ப வாரேன்." வேனைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

மறுபடி கிரேன் வைத்தார்கள். பன்னிரண்டு நாள் தோண்டினார்கள். இன்னும் நாற்பத்தாறு எலும்புகள் வந்தன. அவற்றில் ஒரு வலது இடுப்பெலும்பு இருந்தது, ஒரு இடது இருந்தது. இம்முறை நான்கையும் நான்கு பக்கமும் பார்த்தேன். புது வலதைச் சாந்தாமணியின் முக்கோணத்தோடு வைத்தேன். வளையம் மூடிக்கொண்டது. ரப்பர் பேண்டு இல்லாமல் மணலில் நின்றது. மறுநாள் காலையிலும் அப்படியே நின்றது. சம்பத் வந்து அக்காவை அழைத்துப் போனார்.

பதின்மூன்றாம் நாள் பெருமழை பிடித்தது. கிணற்றில் ஊற்று எடுத்துத் தண்ணீர் ஏறிவிட்டது. வேலையை நிறுத்திவிட்டார்கள். அடியில் இன்னும் பதினேழு அடி சேறு இருப்பதாக அளந்து எழுதினார்கள்.

இளையவளின் வலது தொடையிலிருந்து துண்டு வெட்டி அனுப்பினோம். ருக்குமணி அம்மாளின் ரத்தமும் போனது. முடிவு வர ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து செவ்வாய்க்கிழமையும் அவர் வந்தார். நித்யாதான் என்று எங்கள் எல்லோருக்கும் உறுதியாக இருந்தது. அதே வயது, அதே கிணறு. எப்படிச் சொல்வது என்று வாக்கியங்களைக்கூட யோசித்து வைத்திருந்தேன்.

முடிவு வந்தது. பொருந்தவில்லை. அந்தப் பெண் நித்யா இல்லை.

ருக்குமணி அம்மாளை உள்ளே அழைத்து உட்காரவைத்துச் சொன்னேன். அவர் அழவில்லை.

"அப்ப இவ யாருங்க?"

"தெரியலீங்கம்மா."

"இவளத் தேடி யாருமே வரலீங்களா?"

"வரலை."

"நான் பாக்கலாமுங்களா?"

விதிப்படி கூடாது. நான் தட்டை எடுத்து வந்து வைத்தேன். அவர் தொடையெலும்பின் பக்கத்தில் தன் முன்கையை நீட்டி வைத்து, தொடாமல் அளந்து பார்த்தார்.

"எம்புள்ள இதவிட ஒசரமுங்க" என்றார். குரலில் சந்தோஷமா வேறு ஏதோவா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. துணியை இழுத்துத் தட்டை மூடினார். "இப்ப எத்தனை பேருன்னு எழுதியிருக்கீங்க?"

"குறைஞ்சது ரெண்டு பேர்னு."

"கொறஞ்சதுன்னா? மேல இருக்கலாமுங்களா?"

"இருக்கலாம். எனக்குத் தெரியாதும்மா."

"மொதல்ல ஒருத்தின்னு எழுதும்போது கொறஞ்சதுன்னு போடலீங்களே."

"போடலை. தப்பு என்னுதுங்க."

"போட்டிருந்தா அன்னைக்கே தோண்டியிருப்பாங்க. கெணத்துல அப்பத் தண்ணி இல்லீங்க" என்றார். சத்தம் போடவில்லை. கையிலிருந்த பையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "தண்ணி எறங்குனா மறுபடி தோண்டுவாங்களா?"

"மனு கொடுங்கம்மா. நானும் எழுதறேன்" என்றேன். எழுதினேன். ஓய்வு பெற்ற பிறகும் எழுதினேன், மொத்தம் ஒன்பது கடிதம். மூன்று பருவமழை போய்விட்டது, கிணறு இறங்கவில்லை. யார் அவர்களை அதில் போட்டார்கள் என்பதும் விசாரணையிலேயே நிற்கிறது.

இந்த வருடம் மழை பொய்த்திருக்கிறது. தண்ணீர் எழுபது அடிக்குப் போய்விட்டதாம், மோட்டார் வைத்து இறைக்க உத்தரவும் வந்துவிட்டது. இன்னும் சில வாரத்தில் மூட்டை உங்கள் மேசைக்கு வரும். என்னைக் கூப்பிடாதீர்கள். என் கண் இப்போது முடி அளவுக் கோட்டைப் பார்க்காது. காதர் பாயும் ஓய்வு பெற்றுவிட்டார், பேரனோடு உக்கடத்தில் இருக்கிறார். சுண்ணாம்பு இருந்தால் நீங்களே ஊறப்போடுங்கள், நீங்களே திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு எலும்புக்கும் தனி வரி எழுதுங்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை அந்த அம்மா உங்களிடம் கேட்பார். அந்த மூட்டையில் நித்யா இருந்தால், இருக்கிறாள் என்று சொல்லுங்கள். இல்லாவிட்டால், இல்லை என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். இதுவரை இல்லை என்று சொல்லுங்கள். அடியில் இன்னும் எத்தனை அடி சேறு மீதம் என்று கேட்டு வைத்திருந்து அதையும் சொல்லுங்கள்.